ஷட்டில் அரங்கத்தின் மாதச் சந்தா

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, தம்பி மூவரும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சளி காய்ச்சல் என்று எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தத் தாளை எடுத்து வைத்தேன். ஞாயிறுதோறும் போனில் பேசத்தானே செய்கிறோம், கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன ஞாயிறே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ பேருந்தில் இருந்தாய், உன் பக்கத்தில் யாரோ இருமிக்கொண்டே இருந்தார்கள், நடுவில் அப்பா போனைப் பிடுங்கி உன் ஊர்க் குளிரைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். எழுதினால் குறுக்கே பேச ஆளில்லை. அதனால் வேலை முடிந்து வந்து, சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். அப்பாவின் முழங்காலுக்கு டாக்டர் ஒரு பட்டை கொடுத்தார், அதை அவர் காலில் போடாமல் நாற்காலிக் கையில் மாட்டி வைத்திருக்கிறார், நாற்காலிக்கு வலி குறைந்திருக்கும். தம்பிக்குக் கிடங்கில் காலை ஷிப்ட் ஆகிவிட்டது, அதனால் முதல் டீ அவன் கையால்தான், சர்க்கரை போட மறந்துவிட்டு உடம்புக்கு நல்லது என்கிறான். மாடியில் இருந்த தையல்காரம்மா காலி செய்துகொண்டு போய், ஒரு பல் டாக்டர் குடி வந்திருக்கிறார். அவர் வந்த நாளிலிருந்து அப்பா படியில் எதிர்ப்பட்டால் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுகிறார். சமையலறைக் குழாய் நீ போன வருஷம் வந்தபோது எப்படி ஒழுகியதோ அப்படியேதான் ஒழுகுகிறது. நான் ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் எங்களோடு ஒரு பெண் விரிப்பு மடிக்கிறாள், எல்லோரும் அவளை மடிப்பு என்றுதான் கூப்பிடுவோம், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். சூடான உருளைகளிலிருந்து விரிப்பு வெளியே வரும்போதே நாலு மூலையையும் பிடித்து மடித்து அடுக்கிவிடுவாள், அடுக்கில் ஒரு விரல் நீளம் கூட வெளியே துருத்தாது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, அறுவை அரங்கத்துக்குப் போகவேண்டிய பச்சைத் துணிக் கட்டுக்குள் தலையணை உறைகளைச் சேர்த்துக் கட்டிவிட்டாள். ஏழு வருஷத்தில் அவள் செய்த முதல் தவறு அது. நான் சூப்பர்வைசர், கேட்காமல் இருக்க முடியாது. கட்டைப் பிரித்து மறுபடி அடுக்கச் சொல்லிவிட்டு, டீ குடிக்கும் நேரத்தில் என்ன என்று கேட்டேன். அவள் வாயைக் கிளறுவது பெரிய வேலை. கடைசியில் சொன்னாள். அவளுக்குப் பதிமூன்று வயதில் ஒரு மகள், ஒல்லியாக உயரமாக இருப்பதால் எங்கள் பிரிவில் அவளுக்குக் குச்சி என்று பெயர். குச்சி இரண்டு வருஷமாக ஷட்டில் விளையாடப் போகிறாள். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் நாலு மணி முதல் ஆறு மணி வரை, பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்காக இரண்டு கோர்ட்டை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், மட்டை, காக் என்கிற இறகுப்பந்து எல்லாம் அங்கேயே கொடுத்துவிடுகிறார்கள். இப்போது ஒரு கம்பெனி தன் ஊழியர்களுக்காக அதே நேரத்தை முழு வாடகைக்குக் கேட்கிறதாம். மாதக் கடைசியோடு பிள்ளைகளுக்கு நிறுத்தவேண்டி வரலாம், பெற்றோர் சனிக்கிழமை வந்து பேசுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கூட்டத்தில் தனக்குப் பேச வராது, நீங்கள் கூட வந்து உட்கார்ந்தால் போதும் அக்கா என்றாள். எந்த அரங்கம் என்று கேட்டேன். சொன்னாள். உப்புக்குச் சப்பாணியாக உட்காருவதென்றால் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்தை எனக்குத் தெரியும் என்பதை அவளிடம் சொல்லவில்லை. பதினேழு வருஷமாக அந்தத் தெருப் பக்கமே நான் போகாமல் சுற்றி வருகிறேன் என்பது உனக்கும் தெரியாது.

உன் பழைய ஷட்டில் அரங்கம்தான். வெளியே சைக்கிள் நிறுத்தும் கம்பிகளை எடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளுக்குக் கோடு போட்டிருக்கிறார்கள். கட்டடத்தைப் பின்னால் நீட்டி, உள்ளே மூன்று கோர்ட்டாக இருந்ததை இப்போது ஆறாக்கியிருக்கிறார்கள். மரத்தரைக்கு மேல் பச்சையாக ரப்பர் விரிப்பு ஒட்டியிருக்கிறார்கள், புதுச் செருப்பு வாங்கிய பெட்டியைத் திறந்த மாதிரி வாசனை வருகிறது. விளக்கெல்லாம் வெள்ளையாக, கூசாமல் இருக்கிறது. நாங்கள் போனபோது பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள், ஒரு பதினெட்டு இருபது பேர், பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். எனக்கு ஆட்டம் தெரியாது, நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். குச்சி இறகுப்பந்தை ஓங்கி அடிக்கவில்லை. எதிரே இருப்பவள் பின்னால் ஓடும் வரை காத்திருந்து, வலையை ஒட்டி மெதுவாக விட்டாள், அது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யோசித்துவிட்டு விழுந்த மாதிரி விழுந்தது. எதிரே இருந்தவள் ஓடி வந்து தரையில் உட்கார்ந்தே சிரித்தாள், குச்சியும் சிரித்தாள். மடிப்பு அதைப் பார்க்காமல் கைப்பையின் பிடியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் பின்பக்க அறையில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரோரம் பூட்டிய இரும்பு அலமாரி ஒன்று, அதன் மேல் தூசி. குழுவுக்குத் தலைவர் மருந்துக்கடைக்காரர் ஒருவர், நல்ல மனுஷன் என்று பார்த்தாலே தெரிகிறது, ஆனால் மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரியே பேசுகிறார். கட்டடம் தங்களுடையது இல்லை, பிள்ளைகளுக்கான நேரத்தை வருஷத்துக்கு ஒரு தடவை கையெழுத்துப் போட்டுப் பிடித்து வைக்கவேண்டும், மாதம் தவறாமல் வாடகை வரும் என்று காட்டினால்தான் கட்டட உரிமையாளர் கையெழுத்து வாங்குவார் என்றார். ஒரு அப்பா எழுந்து, போன வருஷம் துணிக்கடை முதலாளி ஒருவர் படம் எடுத்துக்கொண்டு பெரிதாக உதவி செய்தாரே, அது எங்கே போயிற்று என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மருந்துக்கடைக்காரர் எழுந்து போய் அந்த அலமாரியைத் திறந்து காட்டினார். உறை பிரிக்காத நாற்பது மட்டைகள், ஒவ்வொன்றிலும் கடையின் பெயர். "பெரிய தொகை ஒரு தடவை வந்தா பொருளா வாங்கி வைக்கலாங்க. நேரத்தை வாங்க முடியாது. மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா வர்றதுதான் இந்த ரெண்டு கோர்ட்டைப் பிடிச்சு வச்சிருக்கு" என்றார். அப்படி மாதச் சந்தா அனுப்பி வந்தவர்கள் பதினொரு பேராம். ஒருவர் காலமாகிவிட்டார், இன்னொருவர் வேலை போய் நிறுத்திவிட்டார், இரண்டு பேர் குறைந்ததிலும் வாடகை ஏறியதிலும் தட்டுகிறது. அடுத்த சனிக்கிழமைக்குள் வருஷம் முழுக்க அனுப்புகிறோம் என்று மூன்று பேர் முன்வந்தால் மூன்று நாளையும் காப்பாற்றலாம், இல்லையென்றால் கம்பெனிக்குச் சரி என்று சொல்லவேண்டியதுதான் என்றார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் வேலை உடுப்போடு வந்தவர்கள், எந்தச் செலவில் கை வைத்தாலும் இடிக்கிற வீடுகள்தான் எல்லாம்.

கூட்டம் கலைந்த பிறகு மாஸ்டர் வந்தார். உனக்குக் கற்றுக்கொடுத்த அதே மாஸ்டர்தான், தலை முழுக்க நரைத்துவிட்டது, வயிறு வைத்துவிட்டது, விசில் மட்டும் அதே கழுத்தில். அடையாளம் தெரியாது என்று நினைத்து நான் வாசலைப் பார்த்து நடந்தேன். அவர் குறுக்கே வந்து நின்று கும்பிட்டார். உங்களை நேரில் பார்த்து நன்றி சொல்லவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்தேன் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது வெளியே வந்துவிடும் என்று தலையை ஆட்டினேன். அவரே சொல்லிக்கொண்டு போனார். "இந்தச் சந்தாவை முதல்ல ஆரம்பிச்சதே உங்க பொண்ணுதாம்மா. ஆறு வருஷம். ஒரு மாசம் தவறினது இல்ல. அவ அனுப்ப ஆரம்பிச்சதைச் சொல்லித்தான் மத்த பத்துப் பேரையும் பிடிச்சேன்" என்றார். பக்கத்தில் நின்ற மடிப்பு என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தில் ஈ ஆடியிருக்காது. ஆறு வருஷம் என்றால் உனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன், முதல் வேலையில் ஒரே அறையில் நாலு பேராக இருந்தீர்களே, அப்போதிருந்து. வாராவாரம் என்ன சாப்பிட்டாய், சட்டை துவைத்தாயா என்றெல்லாம் கேட்டிருக்கிறேன், நீயும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறாய். இது ஒன்று மட்டும் வரவே இல்லை.

பணத்தோடு நீ ஒரே ஒரு வேண்டுகோள் வைத்திருந்ததாகவும் மாஸ்டர் சொன்னார். நீ எழுதியதை அவர் அப்படியே மனப்பாடமாக வைத்திருக்கிறார். யாருடைய பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பதாக இருந்தாலும், எடுப்பதற்கு முன் அந்தப் பிள்ளையிடம் நேராக ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தாயாம். அதைக் கேட்டதும் மடிப்பிடம் மகளை அழைத்து வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தேன். பிறகு மாஸ்டரிடம் சொன்னேன். "அவளுக்கு விருப்பமில்லன்னு அன்னிக்கு உங்ககிட்ட சொன்னேனே, அது அவ சொன்னது இல்ல. அவளுக்கு நீங்க வந்ததே தெரியாது. நானாத்தான் சொன்னேன்."

உனக்கும் அதை இப்போது பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பதினைந்து வயது. பஸ் பணிமனையை மூடி, அப்பா எட்டு மாதம் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார், அது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு நாள் காலை மாஸ்டர் சலவைப் பிரிவின் பின்வாசலுக்கு வந்து நின்றார், அழுக்குத் துணி வண்டிகள் நிற்கிற இடம். போட்டிக்குப் போகும் எட்டுப் பேர் பட்டியலில் உன் பெயர் இருக்கிறது, பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றார். அவர் முகமெல்லாம் சந்தோஷம். காலைப் பயிற்சிக்கு ஒரு கட்டணம், நல்ல ஷூ, புது மட்டை, வெளியூர் போய்வரும் செலவு என்று தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். நான் அந்தத் தாளைப் படித்தேன். எங்களிடம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் யாரிடமாவது கேட்டு ஏற்பாடு செய்வார், அது நாலு பேருக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், அப்பா உடனே பெரியப்பாவிடம் போய் நிற்பார், பெரியப்பா அந்த எட்டு மாதமும் அவரை என்ன பேச்சுப் பேசினார் என்பதும் உனக்குத் தெரியும். இதெல்லாம் நான் பிறகு யோசித்துக் கண்டுபிடித்த காரணமாகவும் இருக்கலாம். அந்த நிமிஷத்தில் எனக்கு இல்லை என்று சொல்வதைவிட வேண்டாம் என்று சொல்வது எளிதாக இருந்தது, அவ்வளவுதான். அவளுக்கு இதில் விருப்பம் போய்விட்டது, படிக்கவேண்டும் என்கிறாள் என்று சொன்னேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். நான் உள்ளே போய் அடுத்த வண்டியைக் கொட்டிப் பிரித்தேன். இரண்டு நாள் கழித்து நீ அரங்கத்திலிருந்து வந்தாய், மட்டையை அலமாரிக்கு மேல் தள்ளி வைத்தாய், கை கழுவினாய், சாப்பிட்டாய். ஒன்றும் கேட்கவில்லை. பட்டியலில் பெயர் இல்லாததைப் பார்த்துவிட்டு, நாம் அவ்வளவு நன்றாக ஆடவில்லை போலிருக்கிறது என்று தேற்றிக்கொண்டாய் என்று நான் நினைத்தேன். பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்றும் நினைத்தேன். பதினேழு வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாஸ்டர் நான் சொன்னதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. விசிலை விரலில் உருட்டினார். பிறகு, "எனக்கு அன்னிக்கே தெரியும்மா. கதவு திறக்கறதுக்கு முன்னாடியே வந்து படியில உட்கார்ந்திருக்கிற பொண்ணுக்கு விருப்பம் எப்படிப் போகும்? ஒரு வார்த்தை அவளைக் கேட்டிருக்கலாம். எனக்கும் ஒரு பிள்ளை குறைஞ்சா வேலை குறையும்னு இருந்துச்சு, விட்டுட்டேன்" என்றார். இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்குப் புதுச் செய்தி. பட்டியலை அவர் ஏற்கெனவே அச்சடித்துவிட்டாராம், திரும்ப அச்சடிக்கச் சோம்பல்பட்டு, உன் பெயரின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு அப்படியே பலகையில் ஒட்டிவிட்டாராம். நீ அதன் முன்னால் வெகுநேரம் நின்றதை அவர் உள்ளிருந்து பார்த்திருக்கிறார். ஆக, உன் பெயர் அதில் இருந்தது, யாரோ அடித்தார்கள் என்பது உனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். நீ நன்றாக ஆடினாய் என்பதும் தெரியும். யார் சொல்லி அடித்தார்கள் என்று நினைத்தாய் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. மாஸ்டரிடம் நீ கேட்கவில்லையாம், அவரும் சொல்லவில்லையாம். என்னிடமும் நீ கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் இத்தனை வருஷமும் உனக்கு ஷட்டில் அலுத்துவிட்டது என்று நான் சொன்னதைத்தான் நம்பியிருந்தார், சொந்தக்காரர்களிடம் கூட, ஆரம்பத்தில் ஆசையாக ஆடினாள், பிறகு விட்டுவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ரேடியோவை அணைத்துவிட்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "எங்கிட்ட சொல்லியிருந்தா எதையாவது பண்ணியிருப்பேனே" என்றார். "பண்ணியிருப்பீங்க. அதுக்குத்தான் சொல்லல" என்றேன். அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் கோபத்தில் பேசாமல் இருப்பது எனக்குப் பழகிப்போனதுதான், அவருக்கு அது பசி மாதிரி, ஒரு வேளை தாண்டாது. இது அப்படி இல்லை. தம்பி மூலமாகத்தான் உப்பு எங்கே, செருப்பு எங்கே என்றெல்லாம் கேட்டார், அவனும் நடுவில் நின்று தபால்காரன் வேலை பார்த்தான். மூன்றாம் நாள் காலை, முழங்கால் பட்டையை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டு, அந்த அரங்கம் எங்கே இருக்கிறது, நானும் வருகிறேன் என்றார். நீ ஆடிய இடத்தை அவர் ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ ஆடிய நாலு வருஷமும் அவருக்குச் சாயங்கால ஷிப்ட், வேலை போன கொஞ்ச நாளிலேயே நீ ஆட்டத்தை விட்டுவிட்டாய்.

இடையில் வேலையிடத்தில் ஒரு காரியம் நடந்தது. மடிப்பு யாரிடமும் வாய் திறக்காதவள், அந்த வாரம் ஒவ்வொருத்தியாகப் போய்ப் பேசியிருக்கிறாள். பிரிக்கும் பகுதியில் இரண்டு பேர், உருளையில் ஒருத்தி, இஸ்திரியில் ஒருத்தி, இவளோடு ஐந்து பேர் சேர்ந்து ஒரு சந்தா போடுவது என்று முடிவு செய்துவிட்டார்கள். தனித்தனியாக யாராலும் முடியாது, சேர்ந்தால் ஒரு ஆளாகிவிடும். அதில் மூன்று பேருக்கு விளையாடுகிற வயதில் பிள்ளையே இல்லை. ஏன் என்று இஸ்திரிக்காரியைக் கேட்டேன். நான் சின்ன வயதில் ஓட்டப்பந்தயம் ஓடுவேன், உங்களுக்குத் தெரியாதில்லையா என்றாள். பதினொரு வருஷமாக என்னிடம் வேலை செய்கிறாள், தெரியாதுதான். என்னையும் அந்தக் கூட்டில் சேரச் சொன்னார்கள். நான் சேரவில்லை. எனக்கு என் பெயரில் தனியாக ஒன்று போடவேண்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை நானும் அப்பாவும் போனோம். நான் என் பெயரைக் கொடுத்தேன், மடிப்பு ஐந்து பேர் பெயரையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தாள், எழுந்து நின்று வாசித்தும் காட்டினாள், ஒரு பெயரை இரண்டு தடவை வாசித்துவிட்டாள், ஆனால் முடித்தாள். மூன்றாவது ஆள் வரவில்லை. மருந்துக்கடைக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்து, செவ்வாயும் சனியும் நிற்கும், வியாழன் கம்பெனிக்குப் போகும் என்றார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான், முடிந்தது இவ்வளவுதான். வியாழக்கிழமை மட்டும் வந்துகொண்டிருந்த பிள்ளைகள் ஆறு பேர் இருக்கிறார்கள், அவர்களைச் சனிக்கிழமையில் நுழைக்கப் பார்க்கிறார் மாஸ்டர், இடம் போதாது. அப்பா கூட்டத்தில் உட்காரவே இல்லை. முழு நேரமும் கோர்ட் ஓரத்தில் நின்று பார்த்தார். காக் ஒன்று அவர் காலடியில் வந்து விழுந்தது, அதை எடுத்து இறகை எண்ணிவிட்டுக் கொடுத்தார். வெளியே வரும்போது, எந்தப் பக்கம் நின்று ஆடுவாள் என்று மாஸ்டரைக் கேட்டார். மாஸ்டர் மூலையில் ஒரு கோர்ட்டைக் காட்டினார். அப்பா அங்கே போய் நிற்கவெல்லாம் இல்லை, சரி என்று தலையாட்டிவிட்டு என்னோடு வந்தார். வீட்டுக்கு வரும் வழியில் என் பையை வாங்கிக்கொண்டார். பேச ஆரம்பித்துவிட்டார் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

குச்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்த வருஷப் பட்டியலில் அவள் பெயர் வந்திருக்கிறது. செலவை யார் பார்ப்பது என்பது பிறகு, முதலில் உன் வேண்டுகோள்படி மாஸ்டர் அவளையே கூப்பிட்டுக் கேட்டார். நாங்கள் எல்லோரும் பக்கத்தில் நின்றோம். அவள் வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, "எனக்குப் போட்டியெல்லாம் வேண்டாம் மாஸ்டர். நான் இவங்ககூட விளையாடத்தான் வர்றேன். வியாழக்கிழமைக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள். மாஸ்டருக்கு ஒரு நல்ல ஆட்டக்காரி போன வருத்தம் முகத்தில் தெரிந்தது. மடிப்புக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மாஸ்டர் பேனாவை எடுத்தார், அவளிடமே கொடுத்தார். அவள் தன் பெயரைத் தானே அடித்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு ஓடிவிட்டாள். அவளுக்கு அது ஒன்றுமே இல்லை. நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

இவ்வளவுதான் நடந்தது. நான் செய்தது தப்பு. அப்போது கையில் பணம் இல்லாதது என் தப்பு இல்லை, உன்னைக் கேட்காதது என் தப்பு, உன் வாயில் இல்லாத வார்த்தையை நீ சொன்னதாகச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. இதைச் சொல்வதால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது என்று எழுத மாட்டேன், இன்னும் அப்படி ஒன்றும் இல்லை. நீ போட்டிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருப்பாய் என்று யோசித்துப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. இப்போது இருப்பது போலவே இருந்திருக்கலாம். அதைத் தீர்மானிக்கிற வேலை என்னுடையதாக இருந்திருக்கக் கூடாது. நீ சந்தா அனுப்புவதை என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. நிறுத்தாதே என்று சொல்வதும் என் வேலை இல்லை. ஆனால் உனக்கு முடியுமென்றால் உன்னோடு வேலை செய்கிறவர்களில் ஒருவரையாவது கேட்டுப் பார், வியாழக்கிழமை இன்னும் காலியாகிவிடவில்லை, கம்பெனிக்கு மூன்று மாதம்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். குளிர் குறைந்துவிட்டது என்று காலுறை போடாமல் திரியாதே, காலையில் வெறும் வயிற்றோடு பேருந்து ஏறாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனம் விட்டுப் பேசிக்கொண்டு நீடூழி வாழவேண்டும், அதற்கு என் ஆசீர்வாதமும் அப்பாவின் ஆசீர்வாதமும். அப்பா தனியாக ஒரு வரி எழுதுகிறேன் என்று தாளை வாங்கினார், கால் மணி நேரம் வைத்திருந்துவிட்டு ஒன்றும் எழுதாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். பதில் எழுதும்போது, பரவாயில்லம்மா என்று எழுதாதே. கோபம் இருந்தால் கோபமாகவே எழுது, எத்தனை பக்கம் ஆனாலும் படிப்பேன். அன்றைக்கு உன்னைக் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா